கிர்கிஸ்தான் மலைப்பயணம்: ஊர்க்காரர்கள் நடத்தும் சிபிடி சேவையை நம்பிப் போகலாமா?

கிர்கிஸ்தானில் கூட்டம் அதிகம் போகாத மலைப்பாதையில் நான்கைந்து நாள் நடக்க நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு டூர் கம்பெனியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாம். டென்ட், அடுப்பு, சாப்பாடு அத்தனையும் முதுகில் ஏற்றிக்கொண்டு யாரையும் கேட்காமல் கிளம்பலாம். அல்லது மலையடிவார ஊர்களில் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சிபிடி (Community Based Tourism, ஊர் மக்களே நடத்தும் சுற்றுலா) அலுவலகத்துக்குப் போய், வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த மதிப்பீடு மூன்றாவது வழியைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏறக்குறைய 3,400 மீட்டர் வரையிலான புல்வெளிக் கணவாய்கள், மேய்ச்சல் நிலங்கள், ஏரிக்கரைகள் என்று போகும் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அந்த நாட்டில் இல்லை. பனியாற்றைக் கடக்க வேண்டிய, கயிறும் ஐஸ் கோடரியும் தேவைப்படும் பாதைகளுக்கு இதை மட்டும் நம்பிப் போகக்கூடாது. இடைப்பட்ட பாதைகளுக்கு எது கிடைக்கும் என்பது நீங்கள் எந்த ஊர்க் கிளைக்குப் போகிறீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. என்ன கேட்பது என்று தெரியாமல் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள்.

சிபிடி ஒரு கம்பெனி அல்ல. 2000ஆம் ஆண்டில் கோச்கோர் ஊரில், சுவிட்சர்லாந்தின் ஹெல்வெடாஸ் அமைப்பின் உதவியோடு தொடங்கிய முயற்சி இது. 2003இல் நாடு தழுவிய சங்கமாக உருவெடுத்தது. வீடு, குதிரை, கார், மேய்ச்சல் நிலத்து யூர்ட் (மேய்ப்பர்களின் வட்டமான கம்பளிக் கூடாரம்) எல்லாம் தனித்தனிக் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. அலுவலகம் என்பது ஒரு சிறிய அறை, சுவரில் ஒரு வரைபடம், ஒரு விலைப்பட்டியல், ஓர் ஒருங்கிணைப்பாளர், அவ்வளவுதான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, எந்தக் குடும்பத்திடம் அது இருக்கிறதோ அவர்களுக்குப் போன் போட்டுச் சொல்வதே அவர் வேலை. தங்கும் வீடுகளுக்கு எடெல்வைஸ் பூ அடையாளத்தில் தர வரிசை கொடுப்பார்கள். பூக்களின் எண்ணிக்கை கூடினால் வெந்நீர்க் குளியல், வீட்டுக்குள் கழிப்பறை போன்ற வசதிகளும் கூடும். சாப்பாட்டின் ருசியையோ வீட்டுக்காரர்களின் அன்பையோ அந்தப் பூக்களை வைத்து அளக்க முடியாது. ஒரு பூ வீட்டில் கிடைக்கும் ஆப்ரிகாட் ஜாமும் சுடச்சுட ரொட்டியும் பல ஓட்டல்களில் கிடைக்காது.

விலைப்பட்டியலைப் படிக்கும் விதம் முக்கியம். மொத்தமாக ஒரே தொகை சொல்லமாட்டார்கள். வழிகாட்டிக்கு நாள் கூலி, உங்கள் குதிரைக்கு நாள் வாடகை, வழிகாட்டி ஏறும் குதிரைக்கு வாடகை, யூர்ட்டில் ஓர் இரவு, காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு, கார் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி. புதிதாகப் போகிறவர்கள் தவறவிடும் வரிகள் இரண்டு. ஒன்று, வழிகாட்டியின் குதிரைக்கும் நீங்கள்தான் பணம் தர வேண்டும். இரண்டு, பாதை ஒரு ஊரில் தொடங்கி வேறொரு ஊரில் முடிந்தால், குதிரைகளும் குதிரைக்காரரும் ஊர் திரும்பும் நாளுக்கும் கூலி உண்டு. தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வட்டப்பாதையைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் செலவு இல்லை. வழிகாட்டியின் இரவுத் தங்கலும் சாப்பாடும் அவர் கூலியில் அடக்கமா என்பதையும் அங்கேயே கேட்டு, மொத்தத் தொகையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காரும் வழிகாட்டியும் தலைக்கு இத்தனை என்று இல்லாமல் குழுவுக்கு இத்தனை என்பதால் இரண்டு பேருக்கும் நான்கு பேருக்கும் செலவு பெரிதாக வித்தியாசப்படும். ஒற்றையாளாகப் போகிறவர்கள் முந்தின நாள் மாலையே அலுவலகத்துக்குப் போய், மறுநாள் அதே பாதையில் கிளம்பும் குழு உண்டா என்று விசாரித்தால் பாதிச் செலவு மிச்சமாகலாம். விலை அச்சிட்டது. பேரம் பேசுவது சரியல்ல, பேசினாலும் குறையாது.

அடுத்தது, வழிகாட்டி என்று கேட்டால் யார் வருவார் என்பது. குதிரையோடு வருகிறவர் பெரும்பாலும் அந்த மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த குதிரைக்காரர். எந்த ஓடையை எங்கே கடக்கலாம், எந்த மேகம் மழையாகும் என்பது அவருக்குத் தெரியும். ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம். முதலுதவிப் பயிற்சி இல்லாமலும் இருக்கலாம். ஆங்கிலம் பேசும் நடைப்பயண வழிகாட்டி வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். கூலியும் கூடுதல். எங்கள் கணிப்பில், ரஷ்ய மொழியில் இருபது சொற்களும் செல்போனில் இணையம் இல்லாமல் வேலை செய்யும் மொழிபெயர்ப்புச் செயலியும் இருந்தால் குதிரைக்காரரே போதும். மூத்த ஆண்களைப் பெயரோடு பைக்கே என்றும், மூத்த பெண்களை எஜே என்றும் கூப்பிடுங்கள். நம் அண்ணன், அக்காவைப் போலத்தான். பழகுவதில் அந்த ஒரு சொல் நிறைய வித்தியாசம் செய்யும்.

முன்பதிவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு மின்னஞ்சல் அனுப்பி, பிறகு வாட்ஸ்அப்பில் உறுதி செய்துகொள்வது நல்லது. ஜூலை பின்பாதியிலும் ஆகஸ்ட் முன்பாதியிலும் கூட்டம் அதிகம். செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: எத்தனை பேர், எந்தத் தேதியில் எந்த ஊரில் தொடக்கம், எத்தனை இரவு, யாருக்குக் குதிரை, யார் நடக்கிறார்கள், ஒவ்வொருவரின் எடை, இறைச்சி சாப்பிடாதவர் எத்தனை பேர், முடிவில் கார் எங்கே வர வேண்டும். எடையைச் சொல்லாமல் விட்டால் காலையில் கொண்டுவந்து நிறுத்தும் சிறிய குதிரை உங்களைத் தாங்காது. அந்த நேரத்தில் வேறு குதிரை தேடினால் இரண்டு மணி நேரம் போய்விடும். அந்த இரண்டு மணி நேரம் ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறோம்.

எந்தப் பாதை என்று கேட்டால், முதல் முறை போகிறவர்களுக்குக் கிஸார்ட் ஊரிலிருந்து சோன்-குல் ஏரிக்குப் போகும் பாதையைச் சொல்வோம். சோன்-குல் 3,016 மீட்டர் உயரத்தில் சுமார் 270 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் ஏரி. அந்த நாட்டின் இரண்டாவது பெரிய ஏரி. காரிலேயே போய்விடலாம் என்பதால் கரையில் ஆள் நடமாட்டம் உண்டு. ஆனால் கிஸார்ட் பக்கமிருந்து நடந்து போகும் முதல் ஒன்றரை நாளில் ஆட்டு மந்தைகளும் மேய்ப்பர்களும்தான் அதிகம் எதிர்ப்படுவார்கள். கோச்கோரிலிருந்து கிஸார்ட்டுக்குக் காரில் ஒரு மணி நேரம். முதல் நாள் சார்-அர்ச்சா கணவாயைத் தாண்டி கிலெம்சே மேய்ச்சல் நிலத்தில் இறங்க வேண்டும். கணவாய் 3,000 மீட்டருக்குச் சற்று மேல். நடை ஐந்து ஆறு மணி நேரம். இரண்டாம் நாள் ஜல்கிஸ்-கராகாய் கணவாயில் ஏறினால் ஏரி முழுதாகக் கண்ணில் படும். இறக்கம் வடமேற்குக் கரையில் உள்ள பாதாய்-அரால் யூர்ட்டுகளில் முடியும். மூன்றாம் நாள் தூஸ்-அஷூ கணவாய் வழியாக நடந்தோ குதிரையிலோ திரும்பலாம். உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் 3,400 மீட்டருக்கு மேலுள்ள கல்மாக்-அஷூ கணவாய்ச் சாலையில் காரில் கோச்கோர் திரும்பலாம். இந்த மாற்று வழி கையில் இருப்பதால்தான் இதை முதல் பயணத்துக்குச் சொல்கிறோம்.

உயரத்துக்கு உடம்பு பழகவும் இந்த வரிசை ஏற்றது. கோச்கோர் சுமார் 1,800 மீட்டர். அங்கே ஓர் இரவு, கிலெம்சேயில் ஓர் இரவு, மூன்றாவது இரவு 3,016 மீட்டரில். பிஷ்கெக்கிலிருந்து ஒரே நாளில் காரில் ஏரிக்கு ஏறுகிறவர்கள் பலர் இரவெல்லாம் தலைவலியோடு கிடக்கிறார்கள். பிஷ்கெக் வெறும் 800 மீட்டர். ஒரே மூச்சில் இரண்டாயிரத்துக்கும் மேல் ஏறினால் உடம்பு தாங்காது.

இன்னும் அமைதி வேண்டுமென்றால் கோல்-உகோக் ஏரி. கோச்கோரை அடுத்த இசாகேவ் ஊரில் தொடங்கும் இரண்டு நாள் பாதை இது. பள்ளத்தாக்கில் அரை நாளுக்கு மேல் நடந்தால் தெஸ்-தோர் மேய்ச்சல் நிலம். அங்கே இரவு தங்கி, மறுநாள் விடிந்ததும் செங்குத்தான ஏற்றத்தில் 3,000 மீட்டர் வாக்கில் உள்ள ஏரிக்குப் போய்த் திரும்பலாம். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால் அதற்கும் மேலே பனியாற்றின் அடியில் உள்ள சின்ன ஏரியைப் பார்க்கலாம். கார்ச் சாலை ஏரிவரை இல்லாததால் கூட்டம் குறைவு. அதே காரணத்தால் கால் பிசகினால் குதிரையில்தான் இறங்க வேண்டும். நடந்து போகிறவர்களும் சுமைக்கு என்று ஒரு குதிரையைச் சேர்த்துக்கொள்வது இங்கே புத்திசாலித்தனம்.

குதிரையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன. கிர்கிஸ் குதிரைகள் உருவத்தில் சிறியவை. காலடி தவறாதவை. சரளைச் சரிவில் உங்கள் காலை நம்புவதைவிட அதன் காலை நம்பலாம். சேணத்தின் மேல் தடித்த மெத்தை விரித்திருப்பார்கள். கால் வைக்கும் அங்கவடியின் வாரை உள்ளூர்க்காரர் உயரத்துக்கோ முந்தின பயணியின் உயரத்துக்கோ கட்டியிருப்பார்கள். ஏறி உட்கார்ந்ததும் முழங்கால் மிக மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கியிருந்தால் அங்கேயே நீட்டித் தரச் சொல்லுங்கள். ஐந்து மணி நேரம் அப்படியே போனால் மறுநாள் நடக்க முடியாத அளவுக்கு முழங்கால் வலிக்கும். வயிற்றுப்பட்டையை ஏறும்போது ஒரு முறை, கிளம்பி இருபது நிமிடத்தில் ஒரு முறை, பெரிய இறக்கத்துக்கு முன் ஒரு முறை இறுக்க வேண்டும். குதிரை கிளம்பும்போது வயிறு உப்பியிருக்கும், நடக்க நடக்கச் சுருங்கும். அப்போது பட்டை தளர்ந்து சேணம் பக்கவாட்டில் சரியும். கீழே விழுகிறவர்கள் குதிரை துள்ளி விழுவது குறைவு. சேணம் சரிந்து விழுவதே அதிகம்.

முதுகில் கனமான பையோடு குதிரை ஏறக்கூடாது. ஏற்றத்தில் பை உங்களைப் பின்னால் இழுக்கும், விழுந்தால் முதுகெலும்பில் அடிபடும். பொருட்களை இரண்டு சம எடைப் பைகளாகப் பிரித்து, சேணத்தின் இருபுறமும் தொங்கும் பைகளில் போட வேண்டும். ஒருபுறம் மூன்று கிலோ கூடினாலும் சேணம் மெல்ல அந்தப் பக்கம் சாயும். மழை உடை, தண்ணீர், கையுறை மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆனால் சரசரவென்று சத்தம் போடும் பிளாஸ்டிக் மழைக்கோட்டைக் குதிரை மேல் உட்கார்ந்தபடி விரித்து மாட்டாதீர்கள். அந்தச் சத்தத்துக்கு மிரளாத குதிரை அபூர்வம். இறங்கி, கடிவாளத்தைக் குதிரைக்காரர் கையில் கொடுத்துவிட்டு மாட்டுங்கள். ஹெல்மெட் பெரும்பாலும் கிடைக்காது. சைக்கிள் ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுபோவது வீண் சுமை அல்ல. உள்தையல் தடித்த ஜீன்ஸ் தொடையைக் கிழித்துவிடும். தையல் இல்லாத இறுக்கமான நீள உள்ளாடையும் அதன் மேல் தளர்ந்த காற்சட்டையும் சரியான கூட்டு.

யூர்ட்டில் இரவு என்பது பலர் படத்தில் பார்ப்பதைவிடக் குளிரானது. ஜூலையிலும் சோன்-குல் கரையில் இரவு வெப்பம் உறைநிலையை நெருங்கும், எந்த மாதத்திலும் பனி விழலாம். நடுவில் உள்ள தகர அடுப்பில் காய்ந்த சாணத்தை எரிப்பார்கள். படுக்கும்போது யூர்ட்டே வெந்து போகும் அளவுக்குச் சூடு. நள்ளிரவு தாண்டினால் அடுப்பு அணைந்துவிடும். தடித்த மெத்தையும் ரஜாயும் தருவார்கள். அதற்கு மேல் 0 டிகிரி குளிர்வரை வசதியாகத் தூங்கக்கூடிய ஸ்லீப்பிங் பேக் ஒன்று இருந்தால் கவலை இல்லை. சொந்த டென்ட்டில் படுப்பவர்களுக்கு மைனஸ் 5 டிகிரி வேண்டும். ஒரே யூர்ட்டில் மற்ற பயணிகளும் படுப்பார்கள், தனி யூர்ட் வேண்டுமென்றால் முன்பே கேளுங்கள். கழிப்பறை வெளியே, முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, குழி மேல் பலகை. ஹெட்லேம்ப் இல்லாமல் இரவில் அங்கே போகாதீர்கள். குழியைவிட, அந்நேரத்தில் அவிழ்த்து விடப்பட்ட காவல் நாய்தான் காரணம்.

சாப்பாடு: காலையில் ரொட்டி, பாலேடு, ஜாம், கஞ்சி அல்லது முட்டை, எந்நேரமும் டீயும் போர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளும், இரவில் ஷோர்போ என்னும் ஆட்டுச் சூப், பிளோவ் என்னும் இறைச்சிச் சோறு, லக்மான் என்னும் நூடுல்ஸ், சில நாள் கூர்டாக் என்னும் இறைச்சி வறுவல் என்று இறைச்சி இல்லாத வேளை குறைவு. குதிரைப்பாலைப் புளிக்க வைத்த கிமிஸைத் தருவார்கள். மரியாதைக்கு ஒரு வாய் குடிக்கலாம். கோப்பை கோப்பையாகக் குடித்தால் பழகாத வயிறு அன்றிரவே கலங்கும், மறுநாள் கணவாய் ஏற முடியாது.

இறைச்சி சாப்பிடாதவர்கள் அலுவலகத்திலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் மேலே உள்ள யூர்ட்டுக்குத் தகவல் போகும், காய்கறி குதிரையில் ஏறும். மேலே போய்ச் சொன்னால் அதே ஆட்டுச் சூப்பிலிருந்து துண்டுகளை எடுத்துவிட்டுத் தருவதே அவர்களால் முடிந்தது. மரக்கறி உணவு என்றால் அங்கே பலருக்கு அதுதான் அர்த்தம். கிர்கிஸ் மொழியில் “மென் எத் ஜேபெய்ம்” என்றால் நான் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று பொருள். அதோடு சூப்பும் வேண்டாம், ஆட்டுக் கொழுப்பும் வேண்டாம் என்று சைகையிலாவது சொல்லுங்கள். பருப்புக் கலவைப் பொட்டலம், வறுத்த கடலை, சத்துமாவு என்று ஒருவருக்கு ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு கிராம் சொந்தமாக வைத்திருப்பது பாதுகாப்பு. சுடுதண்ணீர் எந்த யூர்ட்டிலும் மறுக்காமல் தருவார்கள்.

இந்தச் சேவையில் கிடைக்காதவற்றையும் சொல்லிவிடுகிறோம். மலையேற்றக் கருவிகள் எல்லாக் கிளைகளிலும் வாடகைக்குக் கிடைக்காது. கேஸ் கேனிஸ்டர் விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதால் பிஷ்கெக்கிலோ கிழக்கே உள்ள கராகோல் ஊரிலோ வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். கோச்கோரில் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். வாங்கும்போது திருகு மரை உள்ள தட்டையான கேனிஸ்டரா, ஸ்ப்ரே டப்பா போன்ற நீள கேனிஸ்டரா என்று பாருங்கள். நீளமானது மலையேற்ற அடுப்புகளில் அடாப்டர் இல்லாமல் பொருந்தாது. அதில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன்தான் இருக்கும். உறைநிலையில் அது ஆவியாகாமல் அடுப்பு உயிரற்றுக் கிடக்கும். ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்ததாக 230 கிராம் கேனிஸ்டர் ஒன்று, ஒருவருக்கு ஐந்து நாள் சமையலுக்குப் போதும்.

தண்ணீர் எங்கும் ஓடும். ஆனால் எல்லா ஓடைக்கும் மேலே மந்தை மேயும். கொதிக்க வையுங்கள் அல்லது வடிகட்டுங்கள். நுண்குழாய் வடிகட்டி வைத்திருப்பவர்கள் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துப் படுக்க வேண்டும். உள்ளே ஈரம் உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், ஆனால் கிருமி வடிகட்டப்படாது.

வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் என்ற இரண்டு செல்போன் செயலிகளும் போதும், பிஷ்கெக்கிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிலங்களில் அவை காட்டும் பாதைக் கோடுகளில் பல, ஆடு மாடு நடந்த தடங்கள். நாலாபுறமும் பிரிந்து புல்லில் கரைந்துவிடும். ஆகவே கோட்டைப் பின்தொடராமல் சம உயரக் கோடுகளைப் பார்த்து எந்தச் சரிவில் ஏறுகிறீர்கள் என்பதை உறுதி செய்யுங்கள். சோவியத் ராணுவத்தின் 1:100000 வரைபடங்கள் மலையின் வடிவத்துக்கு இன்றும் நம்பகமானவை. அவற்றில் உள்ள பனியாற்று எல்லைகளை நம்ப வேண்டாம், அவை நிறையச் சுருங்கிவிட்டன. பழைய பாலங்களையும் நம்ப வேண்டாம்.

இப்போது அந்த இரண்டு மணி நேரக் கணக்கு. கோடையில் மதியத்துக்குப் பிறகு இடியும் ஆலங்கட்டியும் வருவது இங்கே வாடிக்கை. மரமில்லாத கணவாயில் நீங்களும் குதிரையும்தான் உயரமான பொருட்கள். பதினொரு மணிக்குள், தாமதமானால் பன்னிரண்டுக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். பனி உருகி வரும் ஆறுகளும் அப்படித்தான். விடியற்காலையில் முழங்கால் அளவில் இருக்கும் அதே துறையில் மாலை நான்கு மணிக்கு இடுப்பளவு நீர் இழுக்கும். காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாகப் பேசி, குதிரை ஒன்பதரைக்கு வந்தால், அன்று கணவாயைத் தாண்டலாமா வேண்டாமா என்று குதிரைக்காரரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

நாய்களைப் பற்றி ஒரு சொல். மந்தையைக் காக்கும் நாய்கள் பெரியவை, கடமையில் கண்ணானவை. மந்தைக்கு நடுவே நடக்காமல் சுற்றிப் போங்கள். யூர்ட்டை நெருங்கும்போது தூரத்திலேயே நின்று குரல் கொடுங்கள், ஆள் வெளியே வரும்வரை காத்திருங்கள். நாய் ஓடி வந்தால் நீங்கள் ஓடாதீர்கள். குனிந்து கல்லெடுப்பது போல் பாவனை செய்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

கிளைக்குக் கிளை தரம் மாறுவதுதான் சிபிடியின் பெரிய குறை. ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் திறமையில்தான் எல்லாம் நிற்கிறது. அவர் மாறினால் மின்னஞ்சலுக்குப் பதில் வருவது நிற்கலாம், ஒரே யூர்ட்டுக்கு இரண்டு குழுக்கள் வந்து நிற்கலாம். அதற்கு மருந்து, கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் நேரில் அலுவலகத்துக்குப் போய், மேலே உள்ள குடும்பத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று கேட்பது. மேய்ச்சல் நிலத்தில் பல இடங்களில் சிக்னல் இல்லை. தகவல் இன்னொரு குதிரைக்காரர் வாய்வழியாகத்தான் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

கோச்கோர் தவிர வேறெங்கே? தெற்கே அர்ஸ்லான்பாப், உலகின் மிகப் பெரிய இயற்கையான வால்நட் காடுகளில் ஒன்று அங்கே இருக்கிறது. உஸ்பெக் மக்கள் பெரும்பான்மையாக வாழும், மதப்பற்று மிகுந்த ஊர். உடை அடக்கமாக இருக்கட்டும், மது வேண்டாம். உயரம் குறைவு என்பதால் மலைக் கணவாய்கள் மூடிய பிறகும், செப்டம்பர் கடைசியில் வால்நட் அறுவடை நேரத்தில் காட்டுக்குள் நடக்கலாம். அலாய் பள்ளத்தாக்கில் சாரி-மோகோல், ஊரே ஏறக்குறைய 3,000 மீட்டரில். எதிரே 7,134 மீட்டர் லெனின் சிகரம் நிற்கும். காட்சிக்கு நாட்டிலேயே இதற்கு நிகரான இடம் குறைவு, ஆனால் வந்த அன்றே நடக்கத் தொடங்கக் கூடாது, இரண்டு இரவாவது சும்மா இருக்க வேண்டும். அங்கிருந்து போகும் நீண்ட பாதைகளில் 4,000 மீட்டர் தாண்டிய கணவாய்கள் உண்டு. அவற்றுக்குக் குதிரைக்காரர் மட்டும் போதாது, நடைப்பயண வழிகாட்டியும் சொந்த டென்ட்டும் வேண்டும். கராகோல் ஊரிலிருந்து போகும் அலா-குல் பாதை அழகானதுதான். ஆனால் 3,860 மீட்டர் கணவாயில் கோடையில் வரிசையாக ஆள் ஏறுகிறார்கள். தனிமை தேடுகிறவர்களுக்கு அது சரிவராது.

சீன எல்லையை ஒட்டிய இடங்களுக்கு எல்லைப்பகுதி அனுமதி வேண்டும். நாரின் பக்கத்தில் கோல்-சூ, சாதிர்-குல் ஏரிகள், கிழக்கில் எங்கில்செக் ஆகியவை அவற்றில் சில. 15ஆம் நூற்றாண்டுக் கல் சத்திரமான தாஷ்-ரபாத் வரை அனுமதி தேவையில்லை, அங்கிருந்து கணவாய் தாண்டி சாதிர்-குல்லுக்கு இறங்கினால் தேவை. பாஸ்போர்ட் நகலை இரண்டு வாரம் முன்பாவது அனுப்பி நாரின் ஊர் சிபிடி அலுவலகம் வழியாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். பாஸ்போர்ட் எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாளைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள், இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நேர்ந்தால் என்ன என்பதைக் கிளம்பும் முன் யோசித்துவிட வேண்டும். அவசர எண் 112. ஆனால் அழைக்கச் சிக்னல் வேண்டும், அது கணவாய் முகட்டில் சில இடங்களில் மட்டுமே கிடைக்கும். ஹெலிகாப்டர் உடனே வரும் என்று திட்டமிடக்கூடாது. யதார்த்தத்தில் உங்களைக் கீழே கொண்டுவரப் போவது குதிரையும் மேய்ப்பர் குடும்பமும்தான். பயணக் காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், குதிரையேற்றம் அடங்குமா என்ற இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். பல திட்டங்கள் இரண்டில் ஒன்றை விலக்கியிருக்கும். செயற்கைக்கோள் தகவல் கருவி வைத்திருப்பவர்கள் இந்தியா வழியாகப் பயணம் செய்தால் கவனம், உரிமமின்றி அதை அங்கே வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையங்களில் பறிமுதல் செய்து வழக்கும் போட்டிருக்கிறார்கள்.

போய்ச் சேருவது சிரமமில்லை. பிஷ்கெக் மேற்குப் பேருந்து நிலையத்திலிருந்து கோச்கோருக்கு மார்ஷ்ருத்கா வேனும் ஷேர் டாக்ஸியும் உண்டு, மூன்றரை நான்கு மணி நேரம். நேர அட்டவணை கிடையாது, ஆள் நிறைந்தால் கிளம்பும். மதியத்துக்குப் பிறகு ஆள் நிறைவது கடினம் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். மலையூர்களில் கார்டு செல்லாது. பயணத்துக்கான முழுத் தொகையையும் அந்த நாட்டு நாணயமான கிர்கிஸ் சோமில், அதுவும் பாதியைச் சிறு நோட்டுகளாக, பிஷ்கெக்கிலோ கோச்கோரிலோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யூர்ட்டில் ஒரு தொப்பியோ கம்பளித் துண்டோ வாங்க நினைத்தால் அந்த வீட்டு எஜேயிடம் பெரிய நோட்டுக்குச் சில்லறை இருக்காது.

பருவம் ஜூன் பின்பாதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. ஜூன் முதல் வாரத்தில் கணவாய்களில் பனி கிடக்கும், குதிரை வயிறு வரை புதையும். செப்டம்பர் நடுவில் மேய்ப்பர்கள் யூர்ட்டைப் பிரித்துக் குதிரையில் கட்டிக் கீழே இறங்கத் தொடங்குவார்கள். எந்த வாரம் என்பதை அந்த ஆண்டின் முதல் பனிதான் முடிவு செய்யும். அந்த நாட்களில் போகிறவர்கள், மேலே எந்தக் குடும்பம் இன்னும் இருக்கிறது என்பதைக் கிளம்பும் காலையிலும் ஒரு முறை கேளுங்கள். யாரும் இல்லையென்றால் டென்ட்டும் மூன்று நாள் சாப்பாடும் உங்கள் குதிரையில் இருக்க வேண்டும்.